ஃபேனை நிறுத்திவிட்டு

கேட்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள்,
எட்டுப் பாட்டிலும் ஏன் இவ்வளவு சோகம் என்று.

வண்ணார்பேட்டையில் டயர் கடைக்கு மேல்
தகரக் கூரை போட்ட அறை.
மே மாதம்.
ஃபேன் ஓடினால் மைக்கில் விழும்,
நிறுத்தினோம்.
அந்த வெக்கையில் மூன்றரை நிமிடத்துக்கு மேல்
ஆள் நிற்க முடியாது.
எந்தப் பாட்டும் அதைத் தாண்டாததற்கு
வேறு காரணம் கிடையாது.
'சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போகிற மாதிரி
முடிகின்றன பாட்டுகள்' என்று
ஒருவர் மெச்சி எழுதினார்.
எழுந்துதான் போனோம்,
கதவைத் திறக்க.

டிரம்ஸ் ஒரு மயிரிழை பின்தங்கி வரும்.
தவசி முந்தின இரவு முழுக்க
சீவலப்பேரிப் பக்கம் ஒரு கொடையில் மகுடம் அடித்துவிட்டு
காதோரம் மஞ்சணை காயாமல்
முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவன்.
ஸ்நேர் தொய்ந்து கிடக்கிறது என்று
பேப்பரைக் கொளுத்தி
மகுடம் காய்ச்சுவது போல் அனலில் காட்டினான்.
பிளாஸ்டிக் தோல்.
ஓரம் சுருண்டு ஒரு நாற்றம் வந்தது.
"நம்ம தோலுன்னா இந்நேரம் கணீர்னு பேசியிருக்கும்லே."
சுருண்டதிலேயே அடித்தான் நாலாவது பாட்டை.
அவன் தூக்கத்துக்குத்தான்
துயரம் என்று பெயர் வாங்கினோம்.

கிட்டார் இரண்டையும் அரைச் சுரம் இறக்கியது
ஷெர்லினுக்குத் தொண்டை கட்டியிருந்ததால்.
பனங்கற்கண்டைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு பாடினாள்.
உற்றுக் கேட்டால்
இரண்டாவது பாட்டில் அது பல்லில் இடறும்.
தொண்டை சரியான பிறகு
எட்டையும் திரும்பப் பாடினாள்.
சுத்தமாக இருந்தது.
ஹெட்போனைக் கழற்றிவிட்டு
"சவத்த விடுங்க, பழசே இருக்கட்டும்" என்றாள்.

ஆல்பத்துக்கு 'மறுகால்' என்று பெயர் வைத்தவன்
மேலப்பாளையம் மீரான்.
அந்த வருஷம் எந்தக் குளமும்
மறுகால் பாயவில்லை.

இது வரை சொன்னதை
யார் கேட்டாலும் சொல்வேன்,
சிரிப்பார்கள்.

ஆறாவது பாட்டு,
ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு விநாடி.
ஷெர்லின் வரியை முடித்து
மூச்சிழுக்கிற இடம்.
அடியில் ஓர் அதிர்வு கேட்கும்,
நாலு தடவை.
என் பேஸ் கிட்டார் என்று நினைக்கிறார்கள்.
அந்த இடத்துக்காகவே
அம்பையிலிருந்து ஒரு பையன் தேடி வந்து
கை கொடுத்துவிட்டுப் போனான்.
நான் அப்போது வாசிக்கவே இல்லை.
உள்ளங்கையால் கம்பிகளை அமர்த்திப் பிடித்திருந்தேன்.

அது மீரானின் போன்.
ஆம்ப் மேல் கிடந்தது.
தம்மாமிலிருந்து அவன் மச்சான்.
மீரான் திரும்பிப் பார்த்தான்,
யார் என்று பார்த்தான்,
என்ன என்று தெரிந்துகொண்டான்.
விரலை எடுக்கவில்லை.
பாட்டு முடிய இன்னும்
ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் இருந்தது.

அந்த ஒன்றரை நிமிடத்தை
அவன் கிட்டாரை மட்டும் தனியே பிரித்து
எத்தனையோ இரவு கேட்டிருக்கிறேன்.
ஏதாவது இருக்கும் என்று.
ஒரு நடுக்கம்,
ஒரு பிசகு,
கொஞ்சம் அழுத்தி மீட்டிய ஒரு கம்பி.
ஒன்றும் கிடையாது.
ஒத்திகையில் எப்படியோ அப்படியே.

முடிந்ததும் "இந்த டேக் போதும்ல" என்றான்.
ஃபேனைப் போட்டான்.
சட்டையைத் தூக்கி முகம் துடைத்தான்.
அப்புறம்தான் போனை எடுத்துக்கொண்டு
படிக்கட்டில் இறங்கினான்.
கீழே டயர் கடையில்
யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியீட்டுக்கு முப்பத்தியொரு பேர் வந்தார்கள்.
அவன் வரவில்லை,
வர முடியாது.

மிக்ஸிங் செய்த பையன்
அந்த இரைச்சலை ஒரே பொத்தானில்
எடுத்துவிடலாம் என்றான்.
வேண்டாம் என்றேன்.
பேஸ் மாதிரிதானே இருக்கு என்று
நானே அவனிடம் பொய் சொன்னேன்.

இப்போது மேடையில்
அந்த இடம் வரும்போது
நான்தான் வாசித்தாக வேண்டும்.
ஆட்கள் காத்திருக்கிறார்கள்.
தடித்த கம்பி, கட்டைவிரல்,
நாலு தடவை.
போனுக்கு அவசரம் தெரியாது,
சரியான இடைவெளி விட்டு அடித்தது.
எனக்கு ஒவ்வொரு முறையும்
நாலாவது
கொஞ்சம் முந்தி வந்துவிடுகிறது.